அரைக்காத மாத்திரை

ஒரு மழைக்காலம் பூரா எங்க லேபுல என்ன "கை சரியில்லாதவ"ன்னு சொன்னாங்க. என் காதுபடவே சொன்னாங்க. அத்த நான் மறக்கல, மறக்கற உத்தேசமும் இல்ல.

நான் வேலை செய்யறது திருப்பதி தாண்டி ஒரு மருந்து கம்பெனியில. குடித்தனம் சித்தூர்ல. காலையில ஒரு ஆர்டிசி பஸ், திருப்பதியில இறங்கி கம்பெனி பஸ், சாயங்காலம் அதே மாதிரி திரும்பி. எங்க நைனா நகரியில பவர்லூம் ஓட்டறவரு. கெமிஸ்ட்ரியில எம்.எஸ்சி. முடிச்சிட்டு நான் இன்னா வேலை செய்யறேன்னு எத்தினி தபா சொன்னாலும், "எம் பொண்ணு எக்ஸ்ரே எடுக்குது"ன்னுதான் தெருவெல்லாம் சொல்லிக்கினு இருப்பாரு. பண்டிகைக்கு ஊருக்குப் போனா முட்டிவலிக்காரங்க ஃபிலிம எடுத்துக்கினு வந்து என் முன்னால நீட்டுவாங்க. நானும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, டாக்டர பாருங்கன்னு அனுப்பி வைப்பேன்.

எக்ஸ்ரேதான், ஆனா ஆளுக்கு இல்ல, தூளுக்கு. மருந்துத் தூள ஒரு தட்டுல பரப்பி மெஷினுக்குள்ள வெச்சா, எக்ஸ்ரே அதுல பட்டு இந்தக் கோணத்துல கொஞ்சம் அந்தக் கோணத்துல கொஞ்சம்னு செதறும். அத்த கம்ப்யூட்டர் கோடா போடும். கோட்டுல எங்கெங்க மேடு, லேப் பேச்சுல பீக், எழும்புதுன்னு பாத்து, மருந்து எந்த உருவத்துல இருக்குதுன்னு சொல்லணும். ஒரே மருந்துக்கு ஏது ரெண்டு உருவம்னு கேப்பீங்க. ஒரே லோடு செங்கல்ல படுக்க வெச்சி அடுக்கினா ஒரு சுவரு, நிக்க வெச்சி அடுக்கினா வேற சுவரு. அந்தக் கதைதான்.

அந்த மழைக்காலத்துல என் கைக்கு வந்தது வலிப்பு வர்றவங்களுக்கான மாத்திரை. அது கொஞ்சம் ரோஷக்கார மருந்து. ஈரம் பட்டா தண்ணி உள்ள பூந்து, அடுக்கோட அடுக்கா உக்காந்துக்கும். அதுக்கப்பறம் பாக்க அதே மாத்திரை, அதே வெள்ள, அதே எடை. ஆனா வயித்துல போயி நேரத்துக்குக் கரையாது. மாத்திரை கரையலன்னா ரத்தத்துல மருந்து ஏறாது, ஏறலன்னா வேளா வேளைக்கு மாத்திரை துன்னுட்டு இருக்கற ஆளு நடுரோட்டுல விழலாம். அதனால மாத்திரைய சூடும் ஈரமும் இருக்கற பீரோவுல மாசக்கணக்குல வெச்சி எடுத்து, தண்ணி குடிச்ச உருவம் அதுல இருக்குதா இல்லையான்னு பாப்போம். இருக்குதான்னு பாக்கறது என் வேலை.

பாத்தேன். இருந்துச்சி. பெருசா ஒண்ணும் இல்ல, கோட்டோட அடியில, எதுவும் இருக்கக் கூடாத எடத்துல ஒரு சின்ன வீக்கம். மாத்திரையில மருந்து மட்டுமா இருக்குது? மாவு, பசைன்னு வேற சரக்கெல்லாம் சேத்துத்தான் அடிக்கறாங்க. அதுங்க எல்லாம் சேந்து கோட்டையே தூக்கிக் காட்டும். அதுக்கு மேல இந்த வீக்கம்.

எங்க இன்சார்ஜ் சார் மதனப்பள்ளிக்காரரு. தெலுங்குல ஆரம்பிச்சி தமிழ்ல முடிப்பாரு, நடுவுல இங்கிலீஷு. கெட்டவரு இல்ல, ஆனா பயந்தவரு. பயந்தவங்க கிட்ட வேலை செய்யறது கெட்டவங்க கிட்ட செய்யறத விட கஷ்டம். திரைய எட்டிப் பாத்தாரு.

"ஏமி லேதம்மா. ஒண்ணும் இல்ல, சும்மா நாய்ஸ், மெஷின் இரைச்சல். திருப்பி போடு."

திருப்பி போட்டேன். திருப்பியும் அதே எடத்துல வீக்கம். நாய்ஸுன்னா அது அட்ரஸ் வெச்சிக்கினு வந்து உக்காராது சார்னு சொன்னேன். அவருக்கு அது பிடிக்கல. அதே சாம்பிள பக்கத்து சீட்டு பொண்ணு கிட்ட குடுத்து போடச் சொன்னாரு.

அந்தப் பொண்ணு வெதுருகுப்பத்து பக்கம். என்ன விட சின்னவ, அக்கா அக்கான்னு நல்லாதான் பழகுவா. அவ போட்டா கோடு சுத்தம். ஒரு வீக்கமும் இல்ல. இன்னொரு தபா போட்டா, அப்பவும் சுத்தம். நான் போட்டேன், வீக்கம். ஒரே டப்பா மாத்திரை, ஒரே மெஷின், ஒரே தட்டு. அன்னைக்கு ஆரம்பிச்சிது இந்த "கை சரியில்ல" பேச்சு. கேன்டீன்ல டீ கப்ப எடுத்தா கூட, "பாத்து மேடம், கப்புலயும் பீக் வந்துடப் போவுது"ன்னு ஒருத்தன் சொன்னான். மத்தவங்க சிரிச்சாங்க. நான் டீய குடிச்சி முடிச்சிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரு கிட்ட கொட்டினேன். அவரு சித்தூர்ல மாம்பழக் கூழ் ஃபேக்டரியில பாய்லர் பாக்கறாரு. சீசன் முடிஞ்சா அவருக்கு ஓய்வு, ஓய்வுன்னா என்ன சீண்டறதுதான் வேலை.

"ஏங்க, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு அது தெரியணும்?"

"உனக்கு எல்லாத்துலயும் குத்தம் தெரியும். நான் வெச்ச ரசத்துலயே தெரியுது, மாத்திரையில தெரியாதா?"

"வெளையாடாதீங்க. எரிச்சல்ல இருக்கேன்."

"சரி, வெளையாடல. தப்பு உன்னுதுன்னா ஒத்துக்கோ. இல்லன்னா ஒத்துக்காத. நடுவுல நின்னுக்கினு அழுவாத."

சொல்றது சுளுவு. எது என்னுது எது இல்லன்னே தெரியாம எத்த ஒத்துக்கறது?

தெரிஞ்சது பஸ்ஸுலதான். அந்த மாசம் எனக்கு வலது மணிக்கட்டு சரியில்ல. சந்திரகிரி திருப்பத்துல டிரைவர் பிரேக் போட்டப்ப கம்பியப் பிடிச்ச கை முறுக்கிக்கிச்சி. பட்டை கட்டிக்கினுதான் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். இது தெரிஞ்ச அன்னைக்கும் நின்னுக்கினேதான் வந்தேன். பாகாலா தாண்டி கூட்டம் நெருக்க, கண்டக்டரு "கெட்டிகா பட்டுகோம்மா"ன்னாரு. கம்பிய வலது கையால இறுக்கிப் பிடிச்சேன், உசிரு போயி உசிரு வந்துச்சி. இந்தக் கையால எதையும் அழுத்த முடியலயேன்னு நெனச்சேன். நெனச்சதும் அப்படியே நின்னேன். அழுத்த முடியாத கையாலதானே நான் மாத்திரைய அரைச்சிக்கினு இருக்கேன்.

இத்த கொஞ்சம் வெவரமா சொல்லணும். மாத்திரைய மெஷின்ல வைக்கறதுக்கு முன்னால கல்வத்துல போட்டு அரைக்கணும். வழவழன்னு ஒரு சின்ன கல்லுக் கிண்ணம், அதுக்கு ஒரு குட்டிக் குழவி. எங்க லேபுல அரைக்கறது ஒரு கௌரவம். புதுசா சேர்ற ஆளுக்கு மொதல்ல குடுக்கறதே கல்வம்தான். குழவியில நறநறங்கற சத்தம் அடங்கற வரைக்கும் அரைக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு கொறையக் கூடாது. தூள் எவ்ளோ நைஸோ கோடு அவ்ளோ அழகு. அந்த வெதுருகுப்பத்துப் பொண்ணு அரைச்சா விரல்ல ஒட்டினது தெரியாது, அப்படி அரைப்பா. "நான் அரைச்சா மைதா, நீங்க அரைச்சா ரவை அக்கா"ன்னு என்ன கிண்டல் பண்ணுவா. மணிக்கட்டு போனதுலேர்ந்து நான் நெசமாவே ரவைதான். மாத்திரைய லேசா நுணுக்கி, சல்லடையில சலிச்சி, அடியில விழுந்தத வெச்சிக்கினு இருந்தேன்.

அழுத்தி அரைச்சா சூடேறும். சூடேறினா உள்ள உக்காந்திருக்கற தண்ணி எழுந்து போயிடும். தண்ணி போனா அந்த உருவமே இல்ல, மருந்து பழையபடி நல்ல பிள்ளையாயிடும். நாங்க சுத்தமா வேலை செய்யறோம்னு நெனச்சிக்கினு, தேடற ஆள கதவத் தெறந்து அனுப்பி வெச்சிட்டு, வீட்டுல யாரும் இல்லன்னு எழுதிக்கினு இருந்திருக்கோம். எத்தினி வருஷமா?

மறுநாள் மொத வேலையா, நான் நுணுக்கினதுல பாதிய அந்தப் பொண்ணு கிட்ட குடுத்து நல்லா அரைச்சிக் குடுன்னேன். அரைச்சா. வீக்கம் போயே போச்சி. அவ என் மூஞ்சியப் பாத்தா, நான் அவ மூஞ்சியப் பாத்தேன். ரெண்டு பேரும் சார் கிட்ட ஓடினோம்.

சாரு கேட்டுட்டு சிரிச்சாரு. "அதான் நானும் சொல்றேன். சரியா அரைச்சா வராது. அரைக்காம பெரிய பெரிய துண்டா வெச்சா இந்த மாதிரி தப்புத் தப்பா வரும். உன் சாம்பிள் ப்ரெபரேஷன் சரியில்ல, நீயே ப்ரூவ் பண்ணிட்ட."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கல்வத்தையே தூக்கிப் போட்டிருப்பேன். ஆனா அவரு சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சி, அதுதான் இன்னும் எரிச்சல். பெருந்தூள்ல பொய் மேடு வர்றது உண்டு. எங்க மெஷின்ல அந்த வீக்கத்த வெச்சிக்கினு இது தண்ணி குடிச்ச உருவம்தான்னு சத்தியம் பண்ண முடியாது. கண்ணுல பட்டது நெசம்னு எனக்குத் தெரியும், நிரூபிக்க கையில ஒண்ணும் இல்ல.

அதுக்கு ஒரே எடம் சின்க்ரோட்ரான். எலக்ட்ரான ஊரு சைஸு வட்டத்துல ஓட விட்டு, அது வளையற எடத்துல தெறிக்கற எக்ஸ்ரேய எடுத்துக்கறது. எங்க மெஷின்ல வர்ற எக்ஸ்ரே அது முன்னால நிக்க முடியாது. அவ்ளோ வலு, அவ்ளோ நேர். எங்க கிட்ட ஒட்டிக்கினு ஒரே வீக்கமா தெரியறது, அங்க தனித்தனியா பிரிஞ்சி ஊசி ஊசியா நிக்கும். தூள தட்டுல பரப்பாம கண்ணாடிக் குழாயில அடைச்சி சுத்திக்கினே எடுப்பாங்க. அதனால பெருந்தூள், துண்டுங்கற சாக்கெல்லாம் அங்க பெருசா எடுபடாது. வடக்க ஒரு ஊர்ல இருக்குது. சாம்பிள அனுப்பினா அவங்களே எடுத்து ஃபைலா அனுப்புவாங்க. எங்க கம்பெனிக்கு வருஷத்துக்குக் கொஞ்ச நேரம் அங்க கெடைக்கும், அத்த வேற பெரிய வேலைக்குன்னு சாரு பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு.

கேட்டேன். முடியாதுன்னாரு. திருப்பிக் கேட்டேன். மூணாவது தபா அவரு ரூமுல நின்னுக்கினே கேட்டப்ப பேனாவ வெச்சிட்டு நிமிந்தாரு.

"சரி. ரெண்டு குழாய். ஒண்ணு அரைச்சது, ஒண்ணு நீ சொல்ற மாதிரி. உன் குழாயில ஒண்ணும் இல்லன்னு வந்தா நீ இந்த மெஷின் பக்கம் வரக் கூடாது. டாக்குமென்டேஷனுக்குப் போயிடணும். ஓகேவா?"

டாக்குமென்டேஷன்னா நாளெல்லாம் அடுத்தவங்க எழுதினதுல பக்க நம்பர் பாக்கற வேலை. அந்த மெஷின நான் எவ்ளோ ஆசையா கத்துக்கினேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கேட்டாரு.

"ஓகே சார்"னேன்.  வெளிய வந்து நேரா கண்ணாடிக் குழாய் டப்பாவத் தேடி எடுத்தேன்.

குழாய் அடைக்கறது ஒரு தவம். தையல் நூல விட கொஞ்சம்தான் பருமன் இருக்கற கண்ணாடி, ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் புனல் வாய். மூச்சு விட்டா ஒடியும்ங்கற மாதிரி இருக்கும். புனல் வாயில துளித் துளியா தூளப் போட்டு, நகம் தேய்க்கற அரத்த குழாய் மேல லேசா இழுத்தா, அது அதிர்ந்து தூள் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். வெளிய நாலு நாளா விடாத மழை. காத்துல இருக்கற ஈரம் பட்டுத்தான் வந்துச்சின்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாதுன்னு, காத்து உலர்த்தற ரூமுக்குள்ள உக்காந்தேன். பட்டை கட்டின கையால ஒண்ணு ஒடைச்சேன், ரெண்டு ஒடைச்சேன். அந்தப் பொண்ணு கண்ணாடி ஜன்னல் வழியா பாத்துக்கினே இருந்தா. அரைச்ச சாம்பிள் குழாய அவ ஒரே மூச்சுல அடைச்சிட்டு வந்துட்டா. மைதாவாச்சே, சரசரன்னு எறங்கிடும். என் ரவை மக்கர் பண்ணிச்சி. மதியச் சாப்பாட்டுக்குப் போவாம உக்காந்து ஒருவழியா அடைச்சி, மெழுகு வெச்சி வாய மூடினேன். அப்பறம் ஜூஸ் குடிக்கற ஸ்ட்ராவுக்குள்ள ஒவ்வொண்ணா விட்டு, பஞ்சு அடைச்சி, டப்பாவுல வெச்சேன்.

சார் ஆபீஸ் பையன் கிட்ட குடுன்னாரு. குடுக்கல. நானே எடுத்துக்கினு போயி திருப்பதியில கூரியர் கடையில நின்னேன். அந்தக் கடையே நெய் வாசனை, நாலா பக்கமும் லட்டு டப்பா. கடைக்காரரு என் டப்பாவ கையில வாங்கி எடை பாத்துட்டு கேட்டாரு.

"பிரசாதமா அம்மா? நல்லா பேக் பண்ணுங்க, லட்டு தூளாயிடும்."

"இது ஏற்கெனவே தூள்தாங்க. குழாய் ஒடையாம போனா போதும்."

அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. இருந்தாலும் நாலு பக்கமும் ஒடையும் பொருள்னு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தாரு. நல்லா இருக்கட்டும்.

ஃபைல் வர்ற வரைக்கும் சோறு எறங்கல. வீட்டுக்காரரே சீண்டறத நிறுத்திட்டு காப்பி போட்டுக் குடுத்தாருன்னா பாத்துக்கோங்க. டாக்குமென்டேஷன் போனாதான் இன்னா, சம்பளம் அதேதானேன்னு கேட்டாரு. சம்பளம் இல்லங்க பேச்சு, நான் கண்ணால கண்டத இல்லன்னு சொல்லச் சொல்றாங்கன்னேன். 

வந்துச்சி. அந்தப் பொண்ணும் நானும் சேந்துதான் தெறந்தோம். மொதல்ல அரைச்சது. மேடெல்லாம் கத்தி மாதிரி, நடுவுல துடைச்சி விட்ட மாதிரி சுத்தம்.  அடுத்தது என்னுது. எங்க மெஷின்ல ஒரு வீக்கமா தெரிஞ்ச எடத்துல ரெண்டு மெல்லிசு ஊசி, தனித்தனியா, நெட்டுக்குத்தா நிக்குது. இன்னும் கொஞ்சம் தள்ளி, நாங்க பாக்கவே பாக்காத எடத்துல இன்னொண்ணு. தண்ணி குடிச்ச உருவத்தோட கோடு லேபுல ஏற்கெனவே எடுத்து வெச்சது இருந்துச்சி, அத்த கீழ வெச்சிப் பாத்தோம். மூணும் அச்சு அசல் அதே எடம். அந்தப் பொண்ணு என் கையப் பிடிச்சிக்கினா, வலிக்கற கைய. வலிச்சிது, ஆனா விடுன்னு சொல்லல. அழுதேன். வெக்கம் ஒண்ணும் இல்ல, நல்லாவே அழுதேன்.

சாரு வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நல்ல வேலை பண்ணியிருக்கன்னு ஒரு வார்த்த வரும்னு நின்னுக்கினு இருந்தேன்.

"சரிம்மா. நீ மெஷின்லயே இரு. அது பேசின பேச்சு. ஆனா ரிப்போர்ட்டுல அரைச்ச சாம்பிள் கோடு மட்டும் போடு."

"இன்னா சார்?"

"ப்ரொசீஜர் இன்னா சொல்லுது? அஞ்சு நிமிஷம் அரைக்கணும். ப்ரொசீஜர் படி எடுத்தா சுத்தம். சின்க்ரோட்ரான்லயே சுத்தம்னு போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான். உன்னுது ப்ரொசீஜர்ல இல்லாத சாம்பிள். நமக்கு எதுக்கு வம்பு?"

 நான் அடம் பிடிச்சி, கைவலியோட அடைச்சி, மழையில கொண்டு போயி அனுப்பினத எடுத்து, என் வாயையே அடைக்கப் பாக்கறாரு. விடல, கேட்டேன்.

"சார், மாத்திரை துன்றவங்க அஞ்சு நிமிஷம் கல்வத்துல அரைச்சிட்டா துன்றாங்க?"

அவரு திரும்பி ரூமுக்குப் போயிட்டாரு. சாயங்காலம் ரிப்போர்ட்டு பக்கம் என் டேபிளுக்கு வந்துச்சி. அரைச்ச சாம்பிளோட கோடு மட்டும், கீழ "வேற உருவம் எதுவும் காணப்படவில்லை"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி, அதுக்குக் கீழ என் கையெழுத்துக்கு எடம். சாரே எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கினாரு.

மருந்துக் கம்பெனியில ஒரு பழக்கம் உண்டு, வெளியாளுங்களுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டுப் பக்கம் ஒவ்வொண்ணும் குவாலிட்டி ஆபீசுலேர்ந்து நம்பர் போட்டு எண்ணித்தான் வரும். அதுல மையால எழுதினது எழுதினதுதான். அழிக்கக் கூடாது, வெள்ள தடவக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பா எழுதினா கூட ஒத்தக் கோடு போட்டு அடிச்சி, அடிச்ச எழுத்தும் தெரியற மாதிரி விட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். கெட்டுப் போன பக்கமா இருந்தாலும் மேல போயே ஆவணும். ஒரு பக்கம் காணோம்னா ஃபேக்டரியே நிக்கும்.

நீலப் பேனாவ எடுத்தேன். "எதுவும் காணப்படவில்லை"ங்கற வரி மேல ஒத்தக் கோடு போட்டேன். பக்கத்துல, அரைக்காத சாம்பிள்ல தண்ணி சேந்த உருவம் இருக்குது, அரைச்சா மறைஞ்சி போவுது, ரெண்டு கோடும் கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னு எழுதி, ஃபைலு பேரையும் எழுதினேன். மணிக்கட்டு வலிக்க வலிக்க எழுத்து எழுத்தா எழுதினேன். கீழ தேதி போட்டு என் கையெழுத்தையும் போட்டு பக்கத்த அவரு பக்கம் திருப்பினேன்.

சாரு படிச்சாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சி. பக்கத்த கையில எடுத்தாரு, நம்பரப் பாத்தாரு, திருப்பி டேபிள்லயே வெச்சாரு.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?"

"கையெழுத்துதானே கேட்டீங்க சார். போட்டுட்டேன்."

பக்கம் மேல போச்சி. மேல போனது கீழ வர்றதுக்குள்ள அந்த மாத்திரை குடோன்லயே நின்னுடுச்சி, அரைக்கற வரிய ப்ரொசீஜர்லேர்ந்து எடுத்துட்டாங்க. மெஷின் முன்னால இன்னிக்கும் நான்தான் உக்காந்துக்கினு இருக்கேன். சாரு மட்டும் இன்னும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. பேசாட்டி போவட்டும்.